நாலு மணி மூச்சு

சலவை ஆலையில் என் அத்தைக்கு வைத்திருந்த பெயர் விசில். நெஞ்சுக்குள்ளிருந்து வரும் சத்தத்துக்காக யாரோ வைத்தார்கள், அப்படியே ஒட்டிக்கொண்டது. அத்தைக்கு அதில் வருத்தமில்லை. "நான் விசிலாவது அடிக்கிறேன். நீங்க வாயைத் திறந்தா புறணி மட்டும்தான் வருது" என்று திருப்பிக் கொடுப்பாள். அவளுடைய வருத்தம் வேறு. அந்தச் சத்தம் ராத்திரியில் ஆலை முழுக்கக் கேட்டது. பகலில், கேட்க வேண்டிய ஒரே ஒருவர் காதில் மட்டும் விழவில்லை.

ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கும் ஆலை அது. விடிவதற்குள் விரிப்புகள் வேனில் ஏற வேண்டும் என்பதால் முக்கியமான வேலையெல்லாம் ராத்திரியில்தான். ஈர விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஒரே வீச்சில் உதறி, சூட்டோடு சுழலும் ரோலருக்குள் விட வேண்டும். ஒருத்தி கொஞ்சம் பிந்தினாலும் துணி கோணலாக உள்ளே போகும். கோணலாகப் போன துணியைப் பிடித்து இழுத்தால் விரல் வெந்துவிடும். எதிரே நிற்பவளை ஜோடி என்பார்கள். அத்தையின் ஜோடி அவளைவிட இளையவள், வாட்டசாட்டமானவள், வாய் ஓயாதவள். மூன்று விரல் நுனிகளில் அவளுக்கு ரேகை கிடையாது.

ராத்திரி ஷிஃப்டில் நிற்கிறவர்களுக்கு ஆலைக்குப் பின்னால் ஆளுக்கொரு அறை உண்டு. பகல் ஆட்கள் வெளியிலிருந்து வந்து போவார்கள். ரோலரில் நமக்கு இடம் இருக்கும் வரைதான் தலைக்கு மேல் கூரை. உடம்பு முடியாதவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தால், அறையைப் பிடுங்காமல் பகலில் மடிப்பு மேசைக்கு மாற்றுவார்கள். அந்த ஒரு சீட்டுக்காகத்தான் அத்தை அலைந்தாள்.

என் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. அப்பாவின் தங்கை இவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைக் கூட்டி வந்துவிட்டு, பகல் வேலையை விட்டு ராத்திரி வேலைக்கு மாறினாள். "ராத்திரி குழந்தை தூங்கும், அதுக்கு யாரும் வேணாம். பகல்லதான் வயித்துக்கும் படிப்புக்கும் ஆள் வேணும்" என்பது அவள் கணக்கு. நான் பள்ளி விட்டு வரும்போது அவள் விழித்திருப்பாள். நான் கண்ணை மூடியதும் கிளம்புவாள். எப்போது தூங்கினாள் என்று இன்று யோசித்தால் எனக்குப் பதில் தெரியவில்லை.

தன்னைப் பற்றிச் சொல்லும்போது "எட்டாவது ஃபெயில்" என்று ஒரு பட்டத்தைப் போலச் சொல்வாள். எங்கள் குடும்பத்தில் அதற்கு மேல் போனவர்கள் இல்லை. அதனால் என் ஒவ்வொரு பரீட்சையும் அவளுக்கும் பரீட்சைதான். மதிப்பெண் எத்தனை என்று கேட்க மாட்டாள். "பாஸா?" என்ற ஒரே கேள்வி. பாஸ் என்றால் அன்று ஆலையில் எல்லோரிடமும் சொல்லித்தான் ஓய்வாள். கல்லூரி முடித்து நான் பட்டம் வாங்கிய பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். "பட்டதாரி, எந்திரி. பட்டதாரி, தண்ணி வருதா பாரு." பட்டம் வாங்கி வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு அது கொஞ்சம் குத்தும். அவளுக்கு அது தெரியாது, சொல்லவும் எனக்கு மனம் வந்ததில்லை.

இழுப்பு அவளுக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. ஆனால் என் கல்லூரிக் கடைசி வருடத்தில்தான் அது மூர்க்கமானது. விடியலுக்கு முன்னால், நாலு மணி வாக்கில், யாரோ மார்பின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி வரும். தோள் இரண்டும் காதுவரை ஏறும். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வரும். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது, இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நின்று இழுக்க வேண்டும். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் தானாகத் தளரும். பத்து பதினொன்றுக்கெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள்.

நாங்கள் ஒவ்வொன்றாகக் குற்றவாளியைத் தேடினோம். முதலில் மெத்தை. பழைய பஞ்சு மெத்தை, தூசி இருக்கும் என்று தூக்கி எறிந்தோம். அத்தை பாயில் படுத்தாள், இழுப்பு வந்தது. தலையணையை எறிந்தோம். திரைச்சீலையைக் கழற்றினோம். பக்கத்து அறைக்காரியின் பூனை எங்கள் ஜன்னலில் வந்து படுக்கிறது என்று அவளோடு சண்டை போட்டோம். பூனை வேறு ஜன்னலுக்குப் போனது, இழுப்பு போகவில்லை. அறை காலியாகிக்கொண்டே வந்தது. ஒரு நாள் அத்தை சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் தூக்கி எறிய நான்தான் பாக்கி" என்றாள்.

அப்புறம் ஆலை மேல் சந்தேகம் வந்தது. நீராவி, பிளீச் நெடி, துணிப் பிசிறு. ஆனால் அத்தைக்கு வாரம் ஒரு ராத்திரி விடுமுறை. அந்த ராத்திரி எங்கள் அறையில், நீராவியும் நெடியும் இல்லாமல் தூங்குவாள். அன்றும் அதே நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்து இழுப்பாள். ஆலையில் நின்றுகொண்டிருந்தாலும் வந்தது, வீட்டில் படுத்திருந்தாலும் வந்தது. பாயிலும் வந்தது, வெறும் தரையிலும் வந்தது. மிச்சம் இருந்தது நேரம் ஒன்றுதான்.

அதை நினைத்த அன்று எனக்கு ஒரு பரீட்சைத் தாள் ஞாபகம் வந்தது. உயிரியல் கடிகாரம் பற்றி ஒரு கேள்வி. இருட்டுப் பெட்டிக்குள் வைத்தாலும் தொட்டாற்சுருங்கி தன் இலைகளை நேரப்படி விரித்து மடக்கும் என்று படம் போட்டு எழுதியிருந்தேன். உடம்புக்குள்ளும் அப்படி ஒரு கடிகாரம் உண்டு, ராத்திரியில் சில சுரப்புகள் வற்றும், மூச்சுக்குழாய் குறுகும் என்றெல்லாம் பக்கம் நிறைய எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அந்தப் பரீட்சைக்குப் போன காலையிலும் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டுதான் என்னை வழியனுப்பினாள். படித்தது ஒரு பக்கமும் வீடு ஒரு பக்கமுமாக இருந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கதவு இருப்பதாகவே எனக்குத் தோன்றியதில்லை. என்ன படிப்பு இது என்று கேட்டுக்கொண்டேன். பிறகு, இதற்காவது உதவட்டுமே என்று நினைத்தேன்.

அத்தை ஏற்கெனவே டாக்டரிடம் போய் வந்துகொண்டிருந்தாள். ஆலை காட்டிய கிளினிக், பகலில் மட்டும் திறக்கும். ஷிஃப்ட் முடிந்து வந்து, கொஞ்சம் படுத்து, குளித்து, தலை வாரி, பம்ப் அடித்துக்கொண்டு கிளம்புவாள். இன்ஹேலரை அவள் பம்ப் என்றுதான் சொல்வாள். கிளம்புமுன் ஏன் பம்ப் என்று கேட்டேன்.

"பின்ன? டாக்டர் முன்னாடி போய் கர்ரு கர்ருன்னு இழுத்துக்கிட்டா நிப்பாங்க? மரியாதை வேணாம்?"

"அத்தை, அந்தக் கர்ருதான் அவங்களுக்குக் கேக்கணும்."

"போடி. வீட்டுக்கு ஆள் வந்தா குப்பையைக் கூட்டிட்டுத்தான உக்கார வைக்கிறோம்?"

ஒவ்வொரு முறையும் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்ற பதிலோடு திரும்பினாள். சூப்பர்வைசருக்கு அது வசதியாகப் போனது. "விசில், உனக்கு நாலு மணிக்கு சீக்கு வருது, ஆறு மணிக்கு சீக்கு போவுது. இதுக்குப் பேரு சீக்கு இல்ல, டிமிக்கி" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ரோலர் நின்றால் மேலே இருக்கிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவர் அவர்.

அடுத்த தடவை நானும் கூடப் போனேன். அத்தை பம்பை எடுக்கவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் பகல் வேளை, மூச்சு ஓரளவு சரியாகவே இருந்தது. டாக்டரம்மாவிடம் நான் நினைத்ததைச் சொன்னேன். மெத்தை, நீராவி, விடுமுறை ராத்திரி எல்லாவற்றையும். அவர் பேனாவை வைத்துவிட்டு முழுதும் கேட்டபின் சொன்னார்.

"நீ சொல்றது சரியா இருக்கலாம்மா. நிறைய பேருக்கு விடியறதுக்கு முன்னாடிதான் மூச்சுக்குழாய் ரொம்பச் சுருங்கும். தூசி, குளிரு, படுக்கிறது எல்லாம் அதோட சேர்ந்துக்கும். அது எதுவுமே இல்லாம உடம்போட கடிகாரமே செய்யறதும் உண்டு. ஆனா நான் பாக்கறப்ப இவங்க நல்லா இருக்காங்க. பாக்காததை நான் எப்படி எழுதறது?"

"அப்ப நீங்க நாலு மணிக்கு வந்து பாருங்க" என்றாள் அத்தை.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். இழுப்பறையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். ஊதினால் அதன் பக்கவாட்டில் ஒரு முள் நகரும். எதுவரை நகர்ந்ததோ அங்கேயே நிற்கும், நாமாகத் தள்ளிவிடும் வரை. மேலே பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு.

"இழுப்பு ஆரம்பிக்கிறப்பவே, பம்ப் அடிக்கறதுக்கு முன்னாடி, முழு மூச்சையும் ஒரே ஊதா ஊதுங்க. ரொம்ப முடியலைன்னா ஊத வேணாம், மருந்துதான் முதல்ல. முள்ளை மாத்தாம அப்படியே காலையில எடுத்துட்டு வாங்க. அது போதும் எனக்கு."

"பச்சையில நிக்கணுமா?" என்று அத்தை கேட்டாள்.

"பச்சையில இருந்தா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம்" என்றார் டாக்டரம்மா. அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

மறுநாள் காலை அத்தை குழாயைத் துண்டில் சுற்றி, குழந்தையைப் போல் தூக்கிக்கொண்டு வந்தாள். கிளினிக் மேசையில் பிரித்தோம். முள் பச்சையில், நல்ல உயரத்தில் நின்றது. டாக்டரம்மா அங்கேயே ஒரு தடவை ஊதச் சொன்னார். அது அதைவிடக் கீழே நின்றது. இன்னும் சில நாள் பார்க்கலாம் என்றார். ஒவ்வொரு காலையும் பச்சை. நாலு மணிக்கு மூச்சே இல்லாத என் அத்தை, பகலைவிட நாலு மணிக்கு நன்றாக ஊதிக்கொண்டிருந்தாள்.

"புத்தகத்துல இருக்கிறது எல்லாருக்கும் பொருந்தாதும்மா" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். ஆலை கேட்டிருந்தபடி, தான் பார்த்ததை எழுதிக் கொடுத்தார். ராத்திரி வேலைக்குத் தடை ஒன்றும் இல்லை என்று அதில் இருந்தது. சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டு, "இனி ஷிஃப்ட் நடுவுல உக்காந்தேன்னா, ரூம் சாவியைக் குடுத்துட்டு உக்காரு" என்றாராம்.

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. அத்தையின் மூச்சுத் திணறலை நான் பார்த்திருக்கிறேன். முள்ளையும் பார்த்தேன். இரண்டும் உண்மை என்றால் எது பொய்? ஒரு வேளை எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை அவள் மேல் ஒட்டிப் பார்த்தேனா? படித்தவள் என்று காட்டிக்கொள்ள ஒரு நோய் கிடைத்தது என்று உள்ளுக்குள் குஷியாக இருந்தேனா? அத்தையிடம் கேட்டேன். "சரியாத்தான் ஊதுறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் உட்காரவில்லை. நாலு மணிக்கும் நின்றுகொண்டே இழுத்தாள். காலையில் வரும்போது உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு மத்தியானம் அத்தை தூங்கும் நேரம் பார்த்து அவள் ஜோடி எங்கள் அறைக்கு வந்தாள். என்னை வெளியே கூப்பிட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கென்று சத்தம் குறைத்துப் பேசினாள்.

"உங்க அத்தை நேத்து ரோலர் மேலயே சாயப் பாத்தா. நான்தான் ஜாக்கெட்டைப் பிடிச்சு இழுத்தேன். படிச்ச பொண்ணு நீ, ஒரு நாள் வந்து உன் கண்ணால பாரு. என்னால சொல்ல முடியாதது ஒண்ணு இருக்கு, சத்தியம் வாங்கிட்டா."

ஆலைக்குள் காலடி வைக்க அத்தை என்னை ஒரு நாளும் விட்டதில்லை. சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போனால்கூட வாசலோடு வாங்கிக்கொள்வாள். அன்று ராத்திரி அவளுக்குத் தெரியாமல், வேன் ஏற்றும் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போனேன். கட்டி வைத்திருந்த விரிப்பு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன்.

உள்ளே அடுப்புக்குள் நிற்கிற மாதிரி சூடு. விரிப்புகள் வெள்ளை வெள்ளையாக எழும்பி எழும்பி ரோலருக்குள் மறைந்தன. அத்தை முதலில் நன்றாகத்தான் இருந்தாள். ஜோடியைக் கிண்டல் செய்தாள், அடுத்த ரோலர்க்காரியை வம்புக்கு இழுத்தாள். பிறகு பேச்சு குறைந்தது. சிரிப்பு மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் நின்றது. விரிப்பை உதறும்போது ஒரு தோள் மட்டும் மேலே போனது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ரோலரில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக அவள் பக்கம் திரும்பினார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அத்தை ரோலரை நிறுத்தாமல் ஜோடிக்குக் கண்ணைக் காட்டினாள். இடுப்பிலிருந்து அந்தக் குழாயை எடுத்தாள். வாயில் வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். கையை நீட்டி ஜோடியின் வாயருகே கொண்டுபோனாள்.

"ஊ... து."

"நான் மாட்டேன்க்கா. இது தப்பு."

"ஊதுடி... ராஜாத்தி... பச்சைக்கு..."

ஜோடி அழுதுகொண்டே ஊதினாள். முள் பச்சைக்குப் போய் நின்றது. நான் மூட்டையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் திருடி மாட்டிக்கொண்டவளின் பயம் இருந்தது. சுவரில் சாய்ந்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்து வெளியே போட்டாள்.

"நான்... ஊதினா... சிவப்புல... நிக்குது. மூணு தடவை... ஊதிப் பாத்தேன். சிவப்பு... ஃபெயிலு..."

"யாரு சொன்னா ஃபெயிலுன்னு?"

"நீ... பாஸ்... பண்ண வீடு. நான்... ஃபெயிலாகி... உன் பேரை... கெடுக்கவா?"

எனக்கு அந்தக் கணம் எல்லாம் புரிந்தது. டாக்டரம்மா நோயை அளக்கக் கருவி கொடுத்தார். அத்தை அதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் பரீட்சை என்றால் பாஸாக வேண்டும், அவ்வளவுதான். நோயில் ஃபெயிலானால்தான் பிழைக்க முடியும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"அத்தை, சிவப்புல நின்னாத்தான் டாக்டர் எழுதித் தருவாங்க. பச்சையாலதான் அவங்க எழுதல."

அவள் கண் விரிந்தது. நான் பம்பைத் தேடி அவள் வாயருகே கொண்டுபோனேன். அதைத் தட்டிவிட்டாள். குழாயைப் பிடுங்கி, முள்ளைக் கட்டை விரலால் கீழே தள்ளினாள்.

"வேணாம், முதல்ல மருந்து" என்று நான் கத்தினேன். அவளுடைய பிடிவாதத்துக்கு முன்னால் என் கத்தல் எங்கே எடுபடும்? ஊதினாள். முள் அசைந்ததா என்றே தெரியவில்லை. சிவப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். பம்ப் அடித்தோம். திரும்ப அடித்தோம். உள்ளே போவதாகவே தெரியவில்லை. நெஞ்சில் சத்தமும் நின்றுபோனது. மூச்சு போக வழியே இல்லாவிட்டால் சத்தமும் வராது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. "வேனை எடுரா" என்று அலறினார். ஆஸ்பத்திரிக்கு விரிப்பு கொண்டுபோகும் வேன் வாசலில் நின்றது. மடித்து அடுக்கிய விரிப்புகளின் மேலேயே அவளை உட்கார வைத்தோம். படுக்க வைத்தால் மூச்சு இன்னும் அடைத்தது. ஜோடி பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு கையால் அத்தையின் கையையும், மறு கையால் அந்தக் குழாயையும் பிடித்துக்கொண்டிருந்தேன். முள் நகர்ந்துவிடுமோ என்ற பயம். உயிர் போய்க்கொண்டிருக்கும்போது முள்ளைப் பற்றி நினைக்கிறேனே, நான் என்ன பிறவி என்று அப்போதே தோன்றியது. ஆனாலும் விடவில்லை.

அவசரப் பிரிவில் முகமூடி வைத்து மருந்துப் புகை விட்டார்கள், ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தொண்டைக்குள் குழாய் விட வேண்டியிருந்திருக்கும் என்று ஒரு நர்ஸ் சொன்னார். ஜன்னலில் வெளிச்சம் வந்தது. அத்தையின் தோள்கள் மெல்ல இறங்கின. மத்தியானத்துக்குள் முகமூடியைக் கழற்றிவிட்டு, "இந்த ஷீட் நம்ம ஆலையிது இல்ல, மடிப்பைப் பாரு எவ்வளவு மட்டம்" என்றாள். நான் சிரிக்க முயன்று அழுதேன்.

கிளினிக்கில் குழாயை மேசை மேல் வைத்தேன். டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார்.

"மருந்துக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

"யாரு ஊதினது?"

"அவங்களேதான்."

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பச்சையில நிக்கணுமான்னு என்கிட்ட கேட்டாங்க. நான் அதுக்குச் சரியாப் பதில் சொல்லல" என்றார். ராத்திரி வேலை கூடாது என்று எழுதினார். தினமும் தவறாமல் இழுக்க வேண்டிய வேறொரு மருந்தும் எழுதினார். அது பிடித்துக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும் என்றார்.

"பகல் வேலைக்கு மாறிட்டா சரியாயிடுமா டாக்டர்?"

"ராத்திரி தூங்கினா உடம்பு தேறும். சூட்டுலயும் நெடியிலயும் நிக்க வேணாம். ஆனா அந்த நேரம் வரத்தான் செய்யும்மா. ஷிஃப்டை மாத்தலாம், அதை மாத்த முடியாது. மருந்து பிடிக்கற வரைக்கும் அந்த நேரத்துல பக்கத்துல யாராவது இருக்கட்டும்."

சீட்டை சூப்பர்வைசர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை கிண்டல் இல்லை. அதனால்தான் அவர் சொன்னது இன்னும் கனமாக விழுந்தது.

"மடிப்பு மேசையில நாளைக்கே போடறேன். ஆனா ரோலர்ல அவ இடம் காலியாகுது. புதுசா ஒருத்தியைப் போட்டா அவளுக்கு ரூம் குடுக்கணும். எங்கிட்ட ஒரு ரூம்கூட மிச்சம் இல்லம்மா. விலக்கு இருக்கு, ரூம் இல்ல. நான் என்ன பண்ண?"

"ரூம்ல இருக்கிற ஆளே ரோலருக்கு வந்தா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? நீ டிகிரி முடிச்சவ இல்ல?"

"முனையைப் பிடிக்க டிகிரி தடையா?"

அத்தையிடம் சொன்னபோது அவள் என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். என் வாழ்நாளில் முதல் தடவை. அடிக்கவில்லை, கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"நீ அந்த முனையைப் பிடிக்கக் கூடாதுன்னுதானடி நான் பிடிச்சேன். உன்னை வாசலைத் தாண்டி விட்டிருக்கேனா? ஒரு நாளாவது விட்டிருக்கேனா?"

"வேற வேலை கிடைக்கிற வரைக்கும்தான் அத்தை."

"நானும் அப்படித்தான் சொல்லிட்டு உள்ள போனேன்."

அறைக்கு வெளியே எங்களுக்கு வேறு இடம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அன்று சாயங்காலம் தானாக எழுந்து வந்து என் தலைமுடியை இழுத்து முடிந்தாள். "ரோலருக்குப் பக்கத்துல முடி பறக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

நான் இப்போது அத்தையின் ஜோடிக்கு எதிரே நிற்கிறேன். அவள் எனக்கு அக்கா ஆகிவிட்டாள். முதல் நாளே இரண்டு விரல் வெந்தது. நாலு மணி நெருங்கும்போது எனக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. ஆலைக்குப் பின்னால், ஒரே ஒரு சுவர் தள்ளி, அத்தை எழுந்து உட்காருகிற நேரம் அது. பக்கத்தில் யாராவது இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொன்ன அதே நேரத்தில், அவளுக்காக அவளை விட்டு வந்து நிற்கிறேன். பக்கத்து அறைக்காரியை எழுப்பிக்கொள்ளச் சொன்னேன். "பூனைச் சண்டை போட்டவ கதவைத் தட்டுறதுக்கு மூச்சை அடக்கிக்கிட்டே இருக்கலாம்" என்கிறாள். விரிப்பை உதறி உள்ளே விடுகிறேன். துணி போன பிறகு எதிரே அக்காவின் முகம் தெரிகிறது. அவளும் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஷிஃப்ட் விட்டதும் ஓடுவேன். அவள் மேசைக்குக் கிளம்ப இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும். நேற்றுக் காலை கதவைத் திறந்தபோது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, முழங்காலில் கை ஊன்றியிருந்தாள். பாய் விரிக்கப்படவே இல்லை.

"ராத்திரி எப்படி இருந்துச்சு?"

"நல்லாத் தூங்கினேன்."

"பாய் மடிச்சபடி இருக்கு அத்தை."

இழுப்பு இன்னும் முழுதாக விடவில்லை, வார்த்தைகளுக்கு நடுவே அது தெரிந்தது.

"முன்னெல்லாம்... லீவு ராத்திரியில வரும்ல, உன்னை எழுப்ப மாட்டேன். நீ பக்கத்துல தூங்குவ பாரு, அந்த மூச்சைக் கேட்டுக்கிட்டே... அது போற மாதிரி நானும் விட்டுப் பாப்பேன். உள்ள, வெளிய... உள்ள, வெளிய. அப்படியே விடிஞ்சிடும். இப்ப... எதைப் பாத்து விடறதுன்னு தெரியல."

சொல்லிவிட்டு, ஏதோ அசிங்கமானதைச் சொல்லிவிட்ட மாதிரி தலை குனிந்தாள். நான் பாயை விரித்தேன். அவளுக்கு முதுகு காட்டாமல், முகம் அவள் பக்கம் இருக்கும்படி படுத்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. தூங்குகிறவளைப் போல மூச்சு விட்டேன்.